கூரை ஒழுகுவது பற்றி என் கருத்து

அவசர உதவி மையத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தவருக்கு ரீஸ்டார்ட் என்று பெயர் விழுந்து பல வருடம் ஆகியிருந்தது. யார் எந்தக் கோளாறோடு வந்தாலும் நிமிர்ந்து பார்க்காமலே, "ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க" என்பார். பத்தில் எட்டு சரியாகிவிடும். மீதி இரண்டுக்கு எழுந்து வருவார். பதினாறு வருடங்களில் அவர் எழுந்து வந்தும் சரியாகாத கோளாறு மூன்றோ நான்கோதான். கருத்து என்று எதையும் அவரிடம் யாரும் கேட்டதில்லை. அவரும் வைத்துக்கொண்டதில்லை.

மையத்தின் வேலையில் சிக்கல் ஒன்றும் இல்லை. ஊரில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால், அல்லது மாடிப்படியில் உருண்டு விழுந்தால், வீட்டில் இருப்பவர்கள் ஓர் எண்ணுக்குப் போன் செய்வார்கள். இரண்டாவது மாடியில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்களில் ஒருவர் எடுத்து, முகவரியைக் கேட்டுத் தட்டுவார். எந்த ஆம்புலன்ஸ் பக்கத்தில் நிற்கிறது, எந்தத் தெரு வழியாகப் போகலாம் என்று திரை சொல்லும். திரைக்கு அதைச் சொல்லிக்கொடுக்கும் சர்வர்கள் மூன்றாவது மாடியில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில், பீரோ மாதிரியான இரண்டு இரும்புக் கூடுகளுக்குள் இருந்தன. ரீஸ்டார்ட்டின் மனைவியின் தம்பி ஆம்புலன்ஸ் டிரைவர். அதனால் அந்தக் கூடுகள் அரை மணி நேரம் நின்றாலும் சாயந்திரம் வீட்டில் விசாரணை நடக்கும்.

இந்த நிலையில் மையத்துக்குப் புது டைரக்டர் வந்தார்.

வந்த அன்றே எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசினார். "நான் இதுக்கு முன்னாடி ஏழு நிறுவனத்துல தலைமைப் பொறுப்புல இருந்தவன். ஏழுலயும் ஒரே நோய். குனிஞ்ச தலை நிமிராம எல்லாரும் வேலை செஞ்சுக்கிட்டே இருந்தாங்க. ஒருத்தருக்காவது ஒரு கருத்து? கிடையாது. வேலையை யாரு வேணும்னாலும் செய்யலாம். நானே செய்யலாம். செய்யறதில்ல, அவ்வளவுதான். ஆனா கருத்து இருக்கே, அதுதான் ஒரு நிறுவனத்தோட உயிர். நான் சொல்லச் சொல்லக் கேக்கல. அந்த ஏழு நிறுவனமும் இன்னைக்கு இல்ல."

எல்லோரும் கைதட்டினார்கள்.

மறுவாரமே கருத்துக் களம் என்ற இணையதளம் திறக்கப்பட்டது. ஊழியர் ஒவ்வொருவரும் வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் தொழில்நுட்பம், உட்கட்டமைப்பு, வெகுமக்கள் பண்பாடு ஆகிய மூன்றிலும் தலைப்புக்கு ஒரு கருத்தைப் பதிவுசெய்ய வேண்டும். கருத்துக் குழு அதைப் படித்துப் புள்ளி போடும். ஐம்பது புள்ளி எடுத்தவர்களுக்கு நான்காவது மாடியில் புதிதாகக் கட்டிய கருத்துக் கூடத்துக்குள் நுழைய அட்டை கிடைக்கும். மற்றவர்களுக்கு நான்காவது மாடிக் கதவு திறக்காது.

இரண்டாவது மாடியில் இருபத்திரண்டு வருடமாகப் போன் எடுத்துக்கொண்டிருந்த மூத்த ஊழியரை எல்லோரும் ஹெட்போன் அக்கா என்பார்கள். அவர் ரீஸ்டார்ட்டைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, வெகுமக்கள் பண்பாடுன்னா என்னப்பா?"

"சினிமா, பாட்டு, மேட்ச், போன்ல வர்ற வீடியோ… அதெல்லாம்தாங்க்கா."

"அதுக்கு நேரா சினிமான்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சினிமான்னா உக்காந்து பாக்கணுமேக்கா. இதுன்னா கருத்து சொன்னா போதும்."

அதோடு, வரவேற்பறையில் தொங்கிக்கொண்டிருந்த புகார்ப் புத்தகத்தை எடுத்துவிட்டார்கள். புகார் என்பது பழைய மனநிலையாம். புத்தகத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, 'நம் நேற்று' என்று எழுதி ஒட்டினார்கள். போன் செய்கிறவர்களிடமும் பேச்சு முடிந்ததும் கருத்துக் கேட்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. முதல் மாத அறிக்கையின்படி, நெஞ்சு வலி என்று போன் செய்தவர்களில் அறுபத்திரண்டு சதவீதம் பேர் கருத்துச் சொல்லாமலே போனை வைத்திருந்தார்கள். மக்களிடம் அக்கறை குறைந்துவிட்டது என்று டைரக்டர் வருத்தப்பட்டார்.

கருத்துக் கூடம் திறந்து மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை காலை, சர்வர் அறைக்குள் போன ரீஸ்டார்ட் முதல் கூட்டின் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீரைப் பார்த்தார். துடைத்தார். எட்டு நொடி கழித்து இன்னொன்று விழுந்தது. நாற்காலி போட்டு ஏறிப் பார்த்தார். கூரையில் தட்டு அளவுக்கு ஈரம் பரவியிருந்தது. கூடுகள் தரையோடு போல்ட் போட்டு முடுக்கப்பட்டவை, நகர்த்த முடியாது. பிளாஸ்டிக் தாள் போட்டு மூடினால் சூடேறி நின்றுவிடும். கழிப்பறையிலிருந்து சிவப்பு வாளி ஒன்றைக் கொண்டுவந்து, கூட்டின் மேல் சொட்டுக்கு நேராக வைத்தார். பிறகு கட்டடப் பொறியாளரைத் தேடிப் போனார்.

கட்டடப் பொறியாளர் இப்போது கட்டடப் பொறியாளர் இல்லை. அவருக்கு நிறையக் கருத்து இருந்ததால் கருத்துக் குழுச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். பொறியாளர் பதவி காலியாக இருந்தது. அதை நிரப்பலாமா என்று ஊழியர்களிடம் கருத்துக் கேட்டிருந்தார்கள்.

"சார், சர்வர் ரூம்ல சீலிங் ஒழுகுது."

"அப்படியா? நல்லது. உட்கட்டமைப்புல போடுங்க."

"வந்து ஒரு பார்வை பாத்துட்டீங்கன்னா…"

"நான் பாத்தா அது என் பார்வை ஆயிடும். உங்க பார்வைதான் எங்களுக்கு வேணும்."

ரீஸ்டார்ட் கீழே வந்து உட்கட்டமைப்பு என்ற கட்டத்தில் தட்டினார். 'சர்வர் அறைக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. உடனே சரிசெய்ய வேண்டும்.' மறுநாள் பதில் வந்தது. 'முதல் வாக்கியம் தகவல். இரண்டாவது வாக்கியம் கோரிக்கை. கருத்து எங்கே? என் பார்வையில் என்று தொடங்கி முந்நூறு சொற்களுக்குக் குறையாமல் எழுதவும். புள்ளி பூஜ்யம்.'

ரீஸ்டார்ட்டின் மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. பிள்ளைகளின் கட்டுரை நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தவர் அந்தப் பதிலை இரண்டு முறை படித்தார்.

"சொட்டுதுன்னு எழுதினா சொட்டுதுன்னு புரியாதா அவங்களுக்கு?"

"புரியுதாம். அதான் குறையாம். பட்டுன்னு புரிஞ்சிட்டா அது கருத்து இல்லையாம்."

"தள்ளுங்க இப்படி" என்று அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இருபது நிமிடத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு சொற்கள் ஆகிவிட்டன. 'என் பார்வையில், நீர் என்பது மேலிருந்து கீழ்நோக்கிப் பயணிக்கும் தன்மையது' என்று தொடங்கி, நாகரிகங்கள் ஆற்றங்கரையில் பிறந்ததைத் தொட்டு, கடைசிப் பத்தியில் சர்வர் அறைக்கு வந்து சேர்ந்தது.

அதற்கு நான்கு புள்ளி கிடைத்தது. கூடவே குறிப்பு ஒன்றும் இருந்தது. 'நல்ல முயற்சி. ஆனால் ஒருதலைப்பட்சமாக உள்ளது. ஒழுகுவதால் வரும் நன்மைகளையும் சொல்லியிருக்கலாம்.'

அந்த வாரத் தொழில்நுட்பக் கருத்தாக ரீஸ்டார்ட், 'நன்றாக ஓடுகிற ஒன்றைக் கிளறாமல் இருப்பதே நல்லது' என்று எழுதியிருந்தார். அதைக் கட்டுப்பெட்டித்தனம் என்று சொல்லி இரண்டு புள்ளி குறைத்துவிட்டார்கள். ஆக மொத்தம் இரண்டு.

சொட்டு இப்போது ஐந்து நொடிக்கு ஒன்று விழுந்தது. வாளியைக் காலையிலும் மாலையிலும் காலி செய்தார். தண்ணீர் மேலே இருந்துதான் வருகிறது. மேலே இருப்பது கருத்துக் கூடம். அங்கே போய்ப் பார்த்தால் எங்கிருந்து என்று தெரிந்துவிடும். அங்கே போவதற்கு இன்னும் நாற்பத்தெட்டுப் புள்ளி வேண்டும். அந்தக் கதவைத் திறக்கிற கருவியும் ரீஸ்டார்ட்டின் பராமரிப்பில்தான் இருந்தது. வேறு ஆளாக இருந்தால் தானே திறந்துகொண்டு போயிருப்பார். ரீஸ்டார்ட் புள்ளி சேர்க்க முடிவு செய்தார்.

அலுவலக வாசலில் ஒரே சாலையைத் தண்ணீர்க் குழாய்க்கு ஒரு முறையும், மின்சாரத்துக்கு ஒரு முறையும், கேபிளுக்கு ஒரு முறையும் தோண்டியது பற்றி எழுதினார். ஒருங்கிணைப்பு என்ற சொல்லை அதில் நான்கு இடத்தில் போடச் சொன்னது மனைவி. எட்டுப் புள்ளி. மூன்று துறையும் ஒரே நாளில் வந்து ஒரே குழியில் வேலை செய்யலாமே என்று அதில் ஒரு யோசனையும் இருந்தது. அது கருத்தின் ஓட்டத்தைக் கெடுப்பதாகச் சொல்லி நீக்கிவிட்டார்கள்.

வெகுமக்கள் பண்பாட்டில்தான் தடுமாறினார். ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் வந்து, "மாமா, நீங்க பண்ற வேலையைப் பத்தி ஒரு படம் வந்திருக்கு, வாங்க" என்று தியேட்டருக்கு இழுத்துக்கொண்டு போனான். படத்தில் கதாநாயகன் ஓடும் ரயிலின் கூரைமேல் உட்கார்ந்து, பதினோரு நொடியில் அரசாங்கக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்தான். திரையெல்லாம் பச்சை எழுத்து. தியேட்டரில் விசில் பறந்தது.

"எப்படி மாமா?"

"எனக்குப் பாஸ்வேர்டு குடுத்து, நாற்காலி குடுத்து, உள்ள விடறதுக்கு இருபது நிமிஷம் ஆகுது மாப்ள" என்றார் ரீஸ்டார்ட்.

அவசரத்தில் வேறொன்றும் தோன்றாமல், வெள்ளிக்கிழமை நான்கு ஐம்பதுக்கு அதையே இரண்டு வரியில் எழுதி அனுப்பினார். முந்நூறு சொல்லுக்கு மிச்சத்தை நிரப்பப் படத்தின் பாட்டை அப்படியே இருமுறை அடித்தார்.

நாற்பத்தொரு புள்ளி விழுந்தது. 'அதிகாரம், காலம், நாற்காலி ஆகியவற்றின் உறவை இவ்வளவு கூர்மையாகத் தொட்ட கருத்து இதுவரை வரவில்லை. பாட்டை இருமுறை தந்திருப்பது துணிச்சலான உத்தி' என்று குழு எழுதியிருந்தது. டைரக்டரே போன் செய்தார்.

"எங்கய்யா இருந்தீங்க இத்தனை நாளா?"

"மூணாவது மாடில சார். சார், அந்த சீலிங்…"

"சீலிங்! அதையும் படிச்சேன். ஆத்தங்கரை நாகரிகம்! உங்களுக்குள்ள ஒரு பெரிய சிந்தனையாளர் தூங்கிட்டு இருக்காருய்யா."

அட்டை வந்தது. அன்று மதியமே ரீஸ்டார்ட் நான்காவது மாடிக்குப் போனார். கருத்துக் கூடத்தில் நான்கு பெரிய ஏசி ஓடிக்கொண்டிருந்தது. சுவரோரம் தொங்கிய நீலத் திரையை விலக்கிப் பார்த்தார். நான்கு ஏசியின் தண்ணீரும் வந்து சேருகிற விரல் தடிமனான டியூப் ஒன்று தரையில் வாய் வைத்துக் கிடந்தது. தரை குளமாக இருந்தது. இரண்டு அடி தள்ளி, கை கழுவும் தொட்டி. டியூப்பை எடுத்துத் தொட்டியில் போட்டால் வேலை முடிந்தது. குனிந்தார்.

"கை வைக்காதீங்க!" என்று செயலாளரின் குரல் வந்தது. "என்ன பண்றீங்க?"

"சார், இந்த டியூப்தான் சார். இதுதான் கீழ சொட்டுது. முன்னாடி எங்க விட்டிருந்தாங்க இதை?"

"ஜன்னல் வழியா வெளியதான் போச்சு. வெளிச்சுவர்ல 'கருத்தே உயிர்'னு பெரிய போர்டு வச்சோம்ல, அதுமேல தண்ணி வடிஞ்சு 'உயிர்' அழிஞ்சிடுச்சு. அதான் உள்ள எடுத்துட்டோம்."

"இந்தத் தொட்டில போட்டுடறேன் சார். ஒரு நிமிஷம்."

"இங்க பாருங்க. இது கருத்துக் கூடம். இங்க கருத்து மட்டும்தான். ஆளாளுக்குக் கையை வச்சுட்டா அப்புறம் கருத்துக்கு என்ன மரியாதை? எழுதிக் குடுங்க. விவாதத்துக்கு வைக்கிறோம்."

ரீஸ்டார்ட் நிமிர்ந்தார். அந்தக் கணத்தில் டியூப் அவர் கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அதைப் பிறகு பல தடவை நினைத்துப் பார்த்தார். ஆனால் அப்போது அவர், "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டுக் கீழே வந்துவிட்டார்.

விவாதம் நடந்தது. தலைப்பு 'கூரை ஒழுகுவது நிறுவன வளர்ச்சிக்குத் தடையா, தூண்டுதலா?' என்பது. பக்கத்துக்கு மூன்று பேர் பேசினார்கள். தடை என்று பேசியவர்கள் ஒழுகுவதைக் கண்டித்தார்கள். தூண்டுதல் என்று பேசியவர்கள், ஒழுகாத கூரையை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை என்பதைச் சுட்டிக்காட்டினார்கள். நிறைவாக டைரக்டர் தீர்ப்புச் சொன்னார். "தடைன்னு நினைக்கிறவங்களுக்குத் தடை. தூண்டுதல்னு நினைக்கிறவங்களுக்குத் தூண்டுதல். ஒழுகறது மட்டும் ரெண்டு பேருக்கும் பொது." கூடமே எழுந்து நின்று கைதட்டியது. டியூப் இருந்த இடத்திலேயே இருந்தது.

இரண்டு நொடிக்கு ஒரு சொட்டு என்று ஆனது. ரீஸ்டார்ட் மதியச் சாப்பாட்டைச் சர்வர் அறையிலேயே சாப்பிட ஆரம்பித்தார். வீட்டில் பேச்சுக் குறைந்தது. மனைவி கேட்டதற்கு, "தண்ணி எங்கிருந்து வருதுன்னு தெரியும். எப்படி நிறுத்தறதுன்னு தெரியும். ஏன் நிறுத்தக் கூடாதுன்னுதான் தெரியல" என்றார்.

மைத்துனனுக்கு இதெல்லாம் பிடிபடவில்லை. "மாமா, நான் வண்டில பேஷண்டை வச்சுக்கிட்டு ஸ்கிரீனைப் பாத்து ஓட்டறேன். அது போச்சுன்னா என்ன ஆகும்னு அவங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"அதைப் பத்தி ரெண்டு விதமான கருத்து இருக்காம் மாப்ள."

மாதக் கடைசியில் ரீஸ்டார்ட்டைக் கருத்துத் தூதர் ஆக்கினார்கள். விழாவில் போட்டுக்காட்ட ஒரு வீடியோ வேண்டும் என்று, இருவர் கேமராவும் விளக்கும் தூக்கிக்கொண்டு சர்வர் அறைக்கு வந்தார்கள். இரும்புக் கூட்டுக்கு முன்னால் அவரை நிற்க வைத்துப் பேசச் சொன்னார்கள்.

"சார், 'டொக்கு டொக்கு'ன்னு ஒரு சத்தம் வருதே, அதைக் கொஞ்சம் நிறுத்த முடியுமா?" என்றார் கேமராக்காரர்.

"அதைத்தாங்க நானும் ரெண்டு மாசமாக் கேட்டுட்டு இருக்கேன்."

கேமராக்காரர் விவரமானவர். வாளிக்குள் ஒரு பஞ்சை மடித்துப் போட்டார். சத்தம் நின்றது. இரண்டு மாதத்தில் அந்தச் சொட்டைப் பற்றி உருப்படியாக நடந்த முதல் காரியம் அது. பிறகு, சிவப்பு நிறம் படத்தில் அடிக்கிறது என்று வாளியை எடுத்துவிட்டு, ஒடுக்கமான கண்ணாடி ஜாடி ஒன்றை வைத்தார்கள். செயலாளர் வந்து பார்த்து ரசித்தார். விழாவுக்கு வருகிற விருந்தினர்கள் அறையைச் சுற்றிப் பார்ப்பார்கள், அதுவரை ஜாடியைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். ரீஸ்டார்ட் அன்றைக்கு நான்கு தடவை ஜாடியைக் காலி செய்தார்.

விழா மறுநாள் காலை பத்து மணிக்குக் கருத்துக் கூடத்தில் நடந்தது. இருநூறு பேர். நான்கு ஏசியையும் முழு வேகத்தில் வைத்திருந்தார்கள். முன்வரிசையில் ரீஸ்டார்ட்டுக்கு நாற்காலி போட்டிருந்தது. பத்தேகாலுக்கு ஜாடியைப் பார்த்துவிட்டு வரலாம் என்று எழுந்தார்; செயலாளர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். பத்தரைக்கு எழுந்தார், டைரக்டர் அவரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார், மரியாதையாக இருக்காது.

"இவரைப் பாருங்க" என்றார் டைரக்டர். "பதினாறு வருஷம் இந்த மனுஷன் வெறும் வேலை செஞ்சிருக்காரு. எவ்வளவு பெரிய இழப்பு! நான் வந்ததுக்கு அப்புறம்தான் இவருக்கு ஒரு சொட்டு கிடைச்சுது. அந்தச் சொட்டு ஒரு கருத்து ஆச்சு. கருத்து ஒரு விவாதம் ஆச்சு. விவாதம் இன்னைக்கு ஒரு விழா ஆயிருக்கு. அன்னைக்கே யாராவது அதை அடைச்சிருந்தா நமக்கு இது எதுவும் கிடைச்சிருக்காது!"

ரீஸ்டார்ட்டை மேடைக்கு அழைத்தார்கள். ஆறு நிமிடம் பேச வேண்டும். மனைவி எழுதிக்கொடுத்த தாளைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, "என் பார்வையில்" என்று தொடங்கினார். சட்டைப்பையில் இருந்த போன் அடித்தது. ஹெட்போன் அக்கா.

"தம்பி, எல்லா ஸ்கிரீனும் போயிடுச்சுப்பா. ஒண்ணும் தெரியல. மூணு லைன் காத்திருக்கு."

ரீஸ்டார்ட் தாளைப் பார்த்தார். எதிரே இருநூறு பேரைப் பார்த்தார். பிறகு மேடையை விட்டு இறங்கி, சுவரோரம் போய், நீலத் திரையை ஒரே இழுப்பாக இழுத்தார். திரை கம்பியோடு கழன்று விழுந்தது. டியூப்பை எடுத்துக் கை கழுவும் தொட்டிக்குள் போட்டு, நழுவாமலிருக்கக் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையின் பட்டையால் குழாயோடு சேர்த்துக் கட்டினார். அரை நிமிட வேலை. நடிப்போடு கூடிய புதுவகைக் கருத்து இது என்று நினைத்து விருந்தினர்கள் பலமாகக் கைதட்டினார்கள். ரீஸ்டார்ட் படிக்கட்டில் ஓடிக்கொண்டிருந்தார்.

சர்வர் அறையில் ஜாடி நிரம்பி வழிந்து, முதல் கூட்டின் உள்ளே தண்ணீர் இறங்கியிருந்தது. இரண்டாவது கூட்டுக்குப் போகும் மின்சார இணைப்பும் முதல் கூட்டின் வழியாகத்தான். மின்சாரத்தை அணைத்தார். சட்டையைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

இரண்டாவது மாடியில் ஹெட்போன் அக்கா, கைக்கு எட்டிய கருத்துப் படிவம் ஒன்றைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் பேனாவை வைத்தார். போனில் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். தையல் கடை வைத்திருக்கும் கணவர் மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டாராம்.

"அழாதீங்கம்மா. முகவரி வேணாம், கடைக்கு எதிர்ல என்ன இருக்கு சொல்லுங்க."

"பெயிண்ட் கடை… பெயிண்ட் கடைங்க…"

"மஞ்சள் போர்டா, நீல போர்டா?"

"மஞ்சள்."

"தெரியும். வண்டி வந்துடும். அவரை மெதுவாத் தரையில படுக்க வைங்க, ஷட்டரை முழுசாத் தூக்கி வைங்க." இன்னொரு கையால் ரீஸ்டார்ட்டின் மைத்துனனுக்குத் தன் சொந்தப் போனிலிருந்து அடித்தார். "எங்கப்பா நிக்கற? பாலத்துக்குக் கீழயா? ஸ்கிரீனை விடு. முன்னாடி போகாத, தோண்டிப் போட்டிருக்கு. பள்ளிக்கூடத்துப் பின்பக்கச் சந்துல நுழை. வெளிய வந்தா நேர் எதிர்ல தையல் கடை."

ஆறு நிமிடத்தில் வண்டி கடை வாசலில் நின்றது. திரை சொல்லியிருந்தால் ஒன்பது நிமிடம் ஆகியிருக்கும் என்று மைத்துனன் பின்னால் சொன்னான். சந்து திரைக்குத் தெரியாது.

ஒரு மணி நாற்பது நிமிடம் மையம் படிவங்களின் பின்பக்கத்தில் ஓடியது. பதினேழு அழைப்புகள் வந்தன. பதினேழுக்கும் வண்டி போய்ச் சேர்ந்தது. யாரிடமும் கருத்துக் கேட்க நேரமில்லை. பன்னிரண்டு இருபதுக்கு இரண்டாவது கூட்டில் பச்சை விளக்கு எரிந்தது. பனியனோடு தரையில் உட்கார்ந்திருந்த ரீஸ்டார்ட்டுக்கு அக்கா போன் செய்தார்.

"வந்துடுச்சுப்பா. எல்லாம் வந்துடுச்சு."

"அந்தத் தையல்காரர்?"

"பொழைச்சுக்கிட்டாரு. பேசினாராம்."

ரீஸ்டார்ட் போனைக் கையில் பிடித்தபடி சுவரில் சாய்ந்து கண்ணை மூடினார். சொட்டுச் சத்தம் இல்லாத அறை எப்படி இருக்கும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

மூன்றாம் நாள் குறிப்பாணை வந்தது. குற்றச்சாட்டுகள் மூன்று. உரிய முறையில் கருத்துத் தெரிவிக்காமல் நேரடியாகச் செயலில் இறங்கியது. ஆறு நிமிட உரையை ஒரே சொற்றொடரில் முடித்தது. கருத்துக் கூடத்தின் திரையைச் சேதப்படுத்தியது. படிவங்களின் பின்பக்கத்தில் முகவரி எழுதியதற்காக ஹெட்போன் அக்காவுக்கும் ஒன்று வந்திருந்தது.

விசாரணையில் செயலாளர் கேட்டார். "டியூப்பை எடுத்துத் தொட்டில போட்டது நீங்கதானா?"

"ஆமாங்க."

"அதுக்கு முன்னாடி அதைப் பத்தி ஒரு கருத்து சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேங்க. முந்நூத்துப் பன்னிரண்டு சொல்லு."

"அதுக்கு நாலு புள்ளி குடுத்தோமே. அப்புறமும் ஏன் சரிபண்ணீங்க?"

ரீஸ்டார்ட் யோசித்துப் பார்த்தார். "தண்ணி புள்ளிக்கு நிக்கலீங்க" என்றார்.

டைரக்டர் உண்மையிலேயே மனம் வருந்தினார். "உங்களை நான் எவ்வளவு உயரத்துல வச்சிருந்தேன். நாலாவது மாடி! கடைசில நீங்க ஒரு பிளம்பர் வேலை பண்ணிட்டீங்களேய்யா." கருணையோடு தண்டனை விதித்தார். தூதர் பதவி பறிப்பு. நான்காவது மாடி அட்டை ரத்து. ஆறு மாதத்துக்கு எந்தத் தலைப்பிலும் எந்தக் கருத்தும் தெரிவிக்கத் தடை. அக்காவுக்கும் அதே.

அந்த வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு ரீஸ்டார்ட் பையை எடுத்துக்கொண்டு நேராக வீட்டுக்குப் போனார். மனைவி கதவைத் திறந்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன சொன்னாங்க?" என்று பயந்து கேட்டார். சொன்னார். மனைவி சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பை நிறுத்த முடியாமல் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

திங்கட்கிழமையிலிருந்து ரீஸ்டார்ட்டின் மேஜைக்கு ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். கோளாறு எதுவும் சொல்லவில்லை. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "சார், அந்தத் தடையை எப்படி வாங்கினீங்க?" என்று கேட்டார்கள்.

"ஒண்ணும் இல்லீங்க. உங்க பக்கத்துல எது கெட்டுக் கிடக்கோ, அதைச் சொல்லாம சரிபண்ணிடுங்க. குறிப்பாணை தானா வரும்."

முதலில் கணக்குப் பிரிவுக்காரர் ஒருவர் எட்டு மாதமாகச் சிக்கிக்கொண்டிருந்த லிஃப்ட் கதவுக்கு எண்ணெய் விட்டார். அவருக்கு ஆறு மாதம். இரண்டு டெலிபோன் பெண்கள் கழிப்பறைக் குழாய்க்கு வாஷர் மாற்றினார்கள். ஆளுக்கு ஆறு மாதம். காவலாளி படிக்கட்டு விளக்கைப் போட்டார். ஓர் இளம் ஊழியர், போன் செய்கிறவர்களிடம் கருத்துக் கேட்கும் பகுதியைக் கம்ப்யூட்டரிலிருந்தே எடுத்துவிட்டார். அவருக்கு மட்டும் ஒரு வருடம் கிடைத்தது, மற்றவர்கள் பொறாமைப்பட்டார்கள். ரீஸ்டார்ட்டின் மைத்துனன் வேலை நேரத்தில் ஊரிலுள்ள சந்துகளையெல்லாம் குறித்துக்கொண்டு வந்து கொடுத்தான். அவற்றைத் திரைக்குச் சொல்லிக்கொடுத்ததற்காக ரீஸ்டார்ட்டின் தடை இன்னும் ஆறு மாதம் நீண்டது.

ஆண்டுக் கூட்டத்தில் டைரக்டர் மேடையேறி மைக்கைப் பிடித்தார். பிறகு தழுதழுத்த குரலில் பேசினார்.

"மூணு மாசமாக் கருத்துக் களத்துல ஒரு கருத்துகூட இல்ல. லிஃப்ட் ஓடுது. குழாய் ஒழுகல. போன் எடுத்தா அஞ்சு நிமிஷத்துல வண்டி போயிடுது. சரி, ஒத்துக்கறேன். ஆனா இந்த நிறுவனம் எங்க போய்க்கிட்டு இருக்கு? இதைப் பத்தி உங்க யாருக்குமே சொல்றதுக்கு ஒண்ணும் இல்லையா? ஒரு வார்த்தை? ஏன் எல்லாரும் இப்படி உக்காந்திருக்கீங்க?"

கூட்டத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. செயலாளர் எழுந்து போய், டைரக்டரின் கையில் கருத்துத் தடை பெற்றவர்களின் பட்டியலைக் கொடுத்தார். அதில் நாற்பத்து மூன்று பெயர்கள் இருந்தன. டைரக்டர் மேலிருந்து கீழ்வரை படித்தார். முன்னால் உட்கார்ந்திருந்தவர்களை எண்ணிப் பார்த்தார். நாற்பத்து மூன்று பேர். பட்டியலின் கடைசியில் இருந்தது அவருடைய கையெழுத்துதான்.